உன் மாமாவுக்குப் பள்ளிக்கூடம் கொடுத்த மெமோ

மரியே வாழ்க

வட்டம் 19, நெய்வேலி
சனிக்கிழமை

அன்புத் தம்பி சேவியர்ராஜுக்கு அக்கா அன்னமேரி எழுதுவது. தேவமாதா தயவில் நானும் உன் மாமாவும் வினோலியாவும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோமா என்பதைக் கடிதத்தை முழுதும் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். மேல்பட்டாம்பாக்கத்தில் நீ, எவாஞ்சலின், ஜெபின் மூவருக்காகவும் தினமும் ஜெபமாலையில் பத்து மணி ஒதுக்கியிருக்கிறேன், குறைத்ததில்லை.

ஜெபினை வருகிற ஜூனில் வினோலியா படிக்கிற இன்டர்நேஷனல் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்கலாமா என்று போனில் கேட்டாய். போனில் பதில் சொன்னால் பக்கத்திலிருந்து எவாஞ்சலின் அழுவாள் என்றுதான் எழுதுகிறேன். வேண்டாம். நாங்களே எங்கள் பெண்ணை ஒன்பதாவதோடு அங்கிருந்து எடுத்துப் பழைய கான்வென்டில் சேர்க்கப் போகிறோம். மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிய கடிதம் உன் மாமா சட்டைப் பையில் இருக்கிறது, திங்கட்கிழமை கொடுத்துவிடுவார். அந்தப் பெண் மூன்று நாளாக எங்களோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். அதற்குப் பேசக் கற்றுக்கொடுத்ததுதான் அந்தப் பள்ளி செய்த பெரிய தப்பு.

பள்ளியின் பெயரை எழுத மாட்டேன், அது அவர்களுக்கு இலவச விளம்பரம். கட்டணக் கணக்கைத் தனி நோட்டில் வைத்திருக்கிறேன், நேரில் வரும்போது காட்டுகிறேன், அதற்கு முன் நீ சாப்பிட்டுவிட வேண்டும். வாசலில் முப்பத்திரண்டு நாட்டுக் கொடிகள் பறக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், அதில் இரண்டு ஒரே கொடி. பிள்ளைகளோ எல்லாரும் நம் டவுன்ஷிப்பும் சேத்தியாத்தோப்பும்தான். வெளிநாடு என்று பார்த்தால் ஆபீஸ் கிளார்க்கின் மச்சான் மஸ்கட்டில் இருக்கிறாராம். காலையில் ஜெபம் கிடையாது, அதற்குப் பதிலாகக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் ஒன்றையுமே நினைக்காமல் இருக்க வேண்டுமாம். ஒன்றையும் நினைக்காமல் இருக்கப் பள்ளிக்கூடம் எதற்கு, நம் பெரியப்பா மகன் ராயப்பன் சும்மாவே அப்படித்தானே இருக்கிறான்?

மணி அடிப்பதும் கிடையாது. அடித்தால் பிள்ளைகள் மனம் அதிருமாம், அவர்களாகவே நேரம் உணர்ந்து எழுந்து வர வேண்டுமாம். பிள்ளைகள் எப்படி நேரம் உணர்கிறார்கள் தெரியுமா? சுரங்கத்தின் இரண்டாம் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ் ஒன்றரை மணிக்கு அந்த ரோட்டைக் கடக்கும், உடனே எல்லாரும் சாப்பாட்டு டப்பாவை மூடி எழுந்துவிடுவார்கள். என்ன ஒழுங்கு என்று பார்க்க வருகிறவர்களிடம் பெருமையடித்துக்கொள்வார்கள். போன மாதம் ஒரு நாள் சாலை மறியல் என்று பஸ்ஸை வேறு வழியாக விட்டுவிட்டார்கள். நூற்றெண்பது பிள்ளைகள் தயிர்சாதத்தின் முன்னால் மூன்றேகால் வரை உட்கார்ந்திருந்தன, அவை தாமாக எழுந்து வரட்டும் என்று ஆசிரியர்களும் வகுப்பில் காத்திருந்தார்கள். இதைவிடக் கேள், நிலக்கரியைப் பற்றிப் பாடம் நடத்த பெங்களூரிலிருந்து கூரியரில் ஒரு டப்பா வரவழைத்தார்கள். அதற்குள் எலுமிச்சம்பழம் அளவு கரித்துண்டு, பிள்ளைகள் தொட்டுத் தடவி நிறம் எழுத வேண்டும். டப்பாவில் இருந்தது கறுப்பு. வினோலியா பழுப்பு நிலக்கரி தோண்டுகிற நெய்வேலியில் வளர்ந்தவள், பழுப்பு என்று எழுதினாள், மீண்டும் நன்றாகக் கவனி என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். உன் மாமா சட்டையை நான் அலசுகிற தண்ணீரைக் கொண்டுபோய்க் காட்டலாமா என்றிருந்தது.

இதையெல்லாம் மாதாவுக்கு ஒப்புக்கொடுத்துவிட்டுப் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் பள்ளியிலிருந்து வந்த தாளைத்தான் பொறுக்க முடியவில்லை. இங்கிலீஷில் இருந்தது. நான் எட்டாவதோடு நின்றவள், மீதியை அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நானே படித்துக்கொண்டவள் என்பது உனக்குத் தெரியும். சொல் சொல்லாகப் பார்த்து உன் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன்: "உங்கள் பிள்ளை பேசுவதைக் கேட்க உங்களால் முடியாமல் போன சந்தர்ப்பங்களை விளக்குக. ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தரவும்." விளக்குக, ஏழு நாள், எழுத்து மூலம் என்று கேட்டதும் மனிதர் முகம் வெளுத்துவிட்டது.

"மெமோ குடுத்துட்டானுங்க. இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்கினது கிடையாது. போயும் போயும் பள்ளிக்கூடத்துல வாங்கிட்டேனே" என்றார்.

"மெமோ இல்லீங்க, மனசுல இருக்கிறத எழுதச் சொல்றாங்க" என்றேன். கேட்டால்தானே. தாளைத் தூக்கிக்கொண்டு யூனியன் ஆபீசுக்குப் போய்விட்டார். அங்கே சிங்காரவேல் என்று ஒருவர், மெமோவுக்குப் பதில் எழுதியே தலை நரைத்தவர். "பதில் குடுக்காம வுட்டா ஒத்துக்கினதா ஆயிடும் ஜெரால்டு, அப்புறம் என்கொயரிதான்" என்று சொல்லி அவரே எழுதியும் கொடுத்தார். மேற்படி குற்றச்சாட்டை நான் முற்றிலும் மறுக்கிறேன், இது என் நற்பெயரைக் கெடுக்கும் உள்நோக்கம் கொண்டது, சாட்சிகள் இருந்தால் ஆஜர்படுத்தவும். உன் மாமா மூன்று பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட்டு, ஒன்றில் பள்ளியின் ரப்பர் ஸ்டாம்பும் வாங்கிக்கொண்டு வந்தார். அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

புதன்கிழமை பெற்றோர் கூட்டம். அங்கே கூட்டத்தை நடத்துவது ஆசிரியர் இல்லை, பிள்ளை. நாம் எதிரில் ஸ்டூலில் உட்கார வேண்டும், பிள்ளை அனுமதி கொடுத்தால்தான் பேசலாம். கணக்கு ஆசிரியர் கலைச்செல்வன் ஓரமாக நின்றார். அவரைப் பிள்ளைகள் கலை என்றே கூப்பிடுகின்றன, சார் கிடையாது. தலைமையாசிரியை சந்திரகலா அம்மாள் உள்ளே வந்ததும் உன் மாமா ஜெனரல் மேனேஜர் வந்ததுபோல எழுந்து நின்றார். "உக்காருங்க ஜெரால்டு" என்று அந்த அம்மாள் பேர் சொல்லிக் கூப்பிட, இவர் உட்கார இடம் தெரியாமல் பக்கத்து மேசைக்காரர் ஸ்டூலில் பாதி உட்கார்ந்தார்.

வினோலியா பதில் தாளை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். பிறகு கீழே வைத்துவிட்டு, "அப்பா, சாட்சி நான்தான்" என்றாள்.

பக்கத்து நான்கு மேசையும் திரும்பிவிட்டது. அவள் நிறுத்தவில்லை. "இந்த மாசம் அப்பா எங்கிட்ட பேசினது நாலு தடவ. மூணு தடவ 'சாப்ட்டியா', ஒரு தடவ 'செருப்ப வெளிய வுடு'. ரெண்டாவது ஷிப்டுன்னா பாக்கறதே இல்ல. மொத ஷிப்டுன்னா வந்து தூங்கினு இருப்பாரு. ஜெனரல் ஷிப்டுன்னா டிவி பாத்துகினு இருப்பாரு. அம்மா கேப்பாங்க, ஆனா கையில ஜெபமால ஓடிகினே இருக்கும். நான் சொல்லி முடிச்சா ஆமென்னு சொல்வாங்க. அது எனக்கா மாதாவுக்கான்னு தெரியாது."

உன் மாமா கையைத் தூக்கினார். கலைச்செல்வன், "வினோலியாவத்தான் கேக்கணும் சார்" என்றார். இவர் மகளைப் பார்க்க, அவள், "மொதல்ல நான் முடிச்சிக்கிறேன்பா" என்றாள். பெற்ற தகப்பனை, தம்பி. அவர் கையைத் தூக்கியபடியே இருந்தார், இறக்க யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் சிங்காரவேல் துணையில்லாமல் தானே உட்கார்ந்து மாற்றுச் சான்றிதழ்க் கடிதத்தை எழுதி முடித்தார்.

இப்போது நீயே சொல். மணி இல்லை, ஜெபம் இல்லை, கரிக்கு நிறம் தெரியாது, பெற்றவர்கள்மேல் விசாரணை. ஜெபினை அங்கே அனுப்பினால் நாளைக்கு உன்னையும் எவாஞ்சலினையும் ஸ்டூலில் உட்கார வைப்பான். நம் ஊர்ப் பள்ளியிலேயே இருக்கட்டும். எவாஞ்சலினுக்கு என் அன்பு, ஜெபினுக்கு நெற்றியில் ஒரு சிலுவை அடையாளம் போட்டுவிடு. சகாய மாதா உங்கள் வீட்டு வாசலை விட்டு நகராதிருப்பாளாக.

இப்படிக்கு,
உன் அக்கா
அன்னமேரி

பின்குறிப்பு (திங்கள் மாலை): தபால்தலை இல்லாமல் இந்தக் கடிதம் மேசையிலேயே கிடந்துவிட்டது. நேற்றுப் பூசை முடிந்து வந்ததும் உன் மாமா அந்த மாற்றுச் சான்றிதழ்க் கடிதத்தை வினோலியாவிடம் நீட்டி, இங்கிலீஷ் சரியா என்று கேட்டார். வீட்டில் வேறு யாரைக் கேட்பது? அவள் பதினான்கு இடத்தில் திருத்திவிட்டு, "இங்கிலீஷ் சரியாப் போச்சுப்பா. காரணம்னு இருக்கிற எடத்துல ஒண்ணுமே எழுதலியே" என்றாள். "நீயே சொல்லேன்" என்றார். அவள் ஆரம்பித்தாள், தம்பி. இரண்டு மணி நேரம். நான் நடுவில் சாப்பிடக் கூப்பிட்டேன், இரண்டு பேருமே என்னைக் கையமர்த்திவிட்டார்கள். இன்று காலை பள்ளிக்குப் போனவர் கடிதத்தைக் கொடுக்காமல் ஜெபினுக்கு விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். இத்துடன் வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. மூன்றாம் பக்கத்தில் பிள்ளை தானே எழுத வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதில் நீ எழுதாதே.