தேத்தண்ணியில் அளந்த கோபம்

என் மனைவி குமுதாவின் கோபத்தை இனி ஊகிப்பதில்லை, அளப்பது என்று முடிவு செய்தேன்.

அவசியம் அப்படி. சுங்கை பெசாரில் நான் வேலை பார்க்கும் ஹார்ட்வேர் கடை முதலாளி, தூரத்து ஊரான கோலா குபு பாருவில் கிளை திறக்கிறார். "கணேஸ்வரன், அங்கே நீதான் மேனேஜர். வெள்ளிக்கிழமை பதில் சொல்லு" என்றார். எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. ஆனால் குமுதா இங்கே தையல் கடை வைத்திருக்கிறாள். ஊரில் பாதி ரவிக்கை அவள் கையால்தான். அதை விட்டுவிட்டு வா என்று தப்பான நேரத்தில் சொன்னால் மாற்றம் கிடைக்காது, ஏமாற்றம்தான்.

அளவுகோலும் கிடைத்தது. குமுதா போடும் காலைத் தேத்தண்ணி. சீனி குறைந்தால் சீற்றம். சீனி இருந்தால் சிரிப்பு.

உளவியல் படிக்கும் மகள் நித்தியா லீவில் வந்திருந்தாள். அவளிடம் மட்டும் சொன்னேன்.

"தினமும் ஒரே மாதிரி காட்டுதாப்பா?"

"திங்கள்ல இருந்து சப்புன்னுதான் இருக்கு. மாறவே இல்ல."

"அப்ப நம்பகமான அளவுதான். ஆனா அது கோபத்தைத்தான் அளக்குதுன்னு எப்படித் தெரியும்? வீட்டுல சீனி தீர்ந்திருக்கலாம்லா."

அவள் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தேன். பாகு. சீனி எனக்கு மட்டும்தான் இல்லை.

வெள்ளிக்குள் குமுதாவைக் குளிர வைத்தாக வேண்டும். மின்விசிறிகளைத் துடைத்தேன். மறுநாள் தேத்தண்ணி சப்பு. வாசல் சாக்கடை, அந்த லோங்காங்கில் இறங்கிச் சேறு அள்ளினேன். சப்பு. அடுப்புப் புகை படிந்த குசினிச் சுவருக்குச் சாயம் அடித்தேன். இடுப்பு போனது. சீனி வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சொல்லிவிட்டேன்.

"குமுதா, என்னை கோலா குபு பாருக்கு மாத்துறாங்க. உனக்குக் கோவம்னு தெரியும்..."

"எனக்கென்ன கோவம்?" துணியிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப தேத்தண்ணி?"

"நீங்க ஒவ்வொரு வாய்க்கும் என் மூஞ்சியப் பாக்குறீங்க. அளக்குறீங்கன்னு தெரிஞ்சுச்சு. நாளைக்கு இந்த வீட்ட வாடகைக்குப் பாக்க ஆளு வராங்க. சீனி போட்டிருந்தா லோங்காங்க யாரு அள்ளுவா?"

நித்தியா குனிந்து கொண்டாள். "ஆராய்ச்சி பண்றது அம்மாவுக்குத் தெரிஞ்சா அளவு கெட்டுப் போகும்பா" என்றாள் மெதுவாக.

"வாடகைக்கா? அப்ப மாத்தல் விஷயம் உனக்கு முன்னாடியே..."

"உங்க முதலாளி சம்சாரம் எங்கிட்டதான ரவிக்கை தைக்கிறாங்க. போன வாரமே கேட்டாங்க. அங்க கடைக்குப் பக்கத்துலயே எனக்கும் இடம் பேசியாச்சு."

"என்னை மேனேஜராப் போடப் போறாங்கன்னு அப்பவே சொன்னாங்களா?"

குமுதா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நானும் கூட வரேன்னு சொன்ன பிறகுதாங்க உங்களைப் போடலாம்னே முடிவு பண்ணாங்க."