சத்தம் வராத கல்யாண டிஸ்க்குடன் சேர்த்து வாசிக்க வேண்டியது

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீட்டுக்காரியும் சுகம், டிவிக்கு மட்டும் பேச்சு வரவில்லை. அங்கே உங்கள் காலும் அதைச் சுற்றிய மாவுக்கட்டும் சுகமா என்று அறிய ஆசை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பார்த்து மாடிப்படியில் சறுக்கிக் காலை ஒடித்துக்கொண்டு, தூக்கி வளர்த்த என் பெண்ணின் கல்யாணத்தையே பார்க்க முடியாமல் படுத்துவிட்டீர்கள். போனில் நீங்கள் அழவில்லை. "வீடியோ எடுத்து டிஸ்க்குல போட்டு அனுப்புடா. என் கண்ணுக்குப் பாதி தெரியும், பாதி தெரியாது. சத்தம் நல்லா இருந்தாப் போதும். அவ மைக்கைப் பிடிச்சு என்ன பேசறான்னு என் காதால கேக்கணும்" என்று மட்டும் சொன்னீர்கள். உங்கள் பழைய பிளேயரைத் தவிர வேறு எதையும் தொடமாட்டீர்கள் என்பது குடும்பத்துக்கே தெரியும். நானும் "இதென்ன பெரிய வேலை, ஒரே நாள்ல அனுப்பறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

போட்டோகிராபர் பென் டிரைவில் கொடுத்த வீடியோவை அப்படியே ஒரு டிஸ்க்கில் ஏற்றினேன். உங்களிடம் இருப்பதைப் போன்ற பழைய பிளேயர் எங்கள் பரணிலும் இருந்ததா, அதை இறக்கித் தூசி தட்டி, டிவி பின்னால் நானே படுத்துக்கொண்டு வயரெல்லாம் மாட்டி, டிஸ்க்கை உள்ளே தள்ளினால், அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு "டிஸ்க் இல்லை" என்று எழுதிக் காட்டியது. பழைய பிளேயருக்குப் புரிகிற மாதிரி வீடியோவை மாற்றி எழுத வேண்டும், சும்மா காப்பி பண்ணினால் ஓடாது என்று போட்டோகிராபர் சொன்னார். சரி என்று மாற்றினேன். படம் வந்தது, ஆனால் அகலப் படத்தை டிவி இரண்டு பக்கமும் பிடித்து நெருக்கியதில் எல்லோரும் ஒல்லியாக, உயரமாக வந்தார்கள். வீட்டுக்காரி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுல என்னங்க தப்பு? அண்ணிக்கு இதையே அனுப்புங்க" என்றாள். அவளைச் சமாதானப்படுத்தி அளவைத் திருத்தினேன், அவள் பழைய எடைக்குத் திரும்பினாள், அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு பரிமாற யாரும் வரவில்லை. அடுத்த டிஸ்க்கில் படம் விக்கி விக்கி ஓடியது, மாப்பிள்ளை வாய்க்கும் கரண்டிக்கும் நடுவிலேயே நின்றுவிட்டார். அவசரமாக எழுதினால் அப்படித்தான் ஆகும், வேகத்தைக் குறைத்து எழுதுங்கள் என்றார்கள் டிஸ்க் விற்ற கடையில். குறைத்தேன், மாப்பிள்ளை சாப்பிட்டு முடித்தார். வீணான டிஸ்க்கெல்லாம் இப்போது பால்கனியில் தொங்கிப் புறா விரட்டுகின்றன.

எல்லாம் சரி, சத்தம் மட்டும் வரவே இல்லை. முதல் டிஸ்க்கிலிருந்து கடைசி டிஸ்க் வரை ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. சத்தத்தின் வகையை மாற்றினேன், அளவை ஏற்றினேன், வேறு கம்பெனி டிஸ்க் வாங்கினேன், ஹூம், ஒன்றுக்கும் மசியவில்லை. எங்கள் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் போய் வருஷக்கணக்காகிறது, அதில் கேட்கவும் வழியில்லை. போட்டோகிராபரோ, "சத்தம் இருக்கு சார், எங்க கடையில நல்லாக் கேக்குது. உங்க பக்கம் பாருங்க" என்று சாதிக்கிறார். வீட்டுக்காரியின் தம்பி, அதான் நம் மச்சான், வந்து உட்கார்ந்துகொண்டு, "அத்தான், டிவி பின்னாடி வயர் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடலாமா?" என்றான். "அது நான் மாட்டின வயர்" என்றேன். ஆயுசு முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவனிடம், அந்தரத்தில் நின்ற லிஃப்டையெல்லாம் ஆளோடு பத்திரமாக இறக்கியவனிடம், கேட்கிற கேள்வியா அது?

ஆகவே அக்கா, படத்தை டிஸ்க்கிலும் சத்தத்தை இந்தக் கடிதத்திலும் தனித்தனியாக அனுப்புகிறேன். எதிர்வீட்டு டீச்சரைப் பக்கத்தில் உட்காரவைத்து, படம் ஓட ஓட வாசிக்கச் சொல்லுங்கள். முதலில் மண்டப வாசலில் எல்லோரும் வாயை அசைப்பார்கள், அது "வாங்க, வாங்க". அப்புறம் பச்சைச் சேலையில் சம்பந்தியம்மா விடாமல் வாயசைப்பார், அது என்னவென்று எங்களுக்கு அன்றைக்கே புரியவில்லை, அந்த இடத்தில் டீச்சர் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம். மச்சான் கேமராவைப் பார்த்துக் கை ஆட்டுவான், சாப்பாடு எந்தப் பக்கம் என்று கேட்கிறான். பிறகு நம் பெண் மைக்கைப் பிடிப்பாள். எல்லோருக்கும் நன்றி, அத்தை வராதது ஒரு குறை, மற்றபடி ஏற்பாடெல்லாம் பிரமாதம், அதற்கு அப்பாதான் காரணம் என்று பேசினாள், கிட்டத்தட்ட அப்படித்தான். அப்போது நான் கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்பேன். என் தோள் இரண்டும் குலுங்குகிற மாதிரி தெரியும். அது வீடியோவின் விக்கல் அக்கா, எவ்வளவு மெதுவாக எழுதியும் அந்த ஒரு இடத்தில் மட்டும் போகவில்லை. நான் கம்பீரமாகத்தான் நின்றேன். பக்கத்தில் நிற்பவர்கள் ஏன் குலுங்கவில்லை என்று டீச்சர் கேட்டால், அடுத்த வரிக்குப் போகச் சொல்லுங்கள்.

டாக்டர் சொல்லும்வரை காலை ஊன்றாதீர்கள். உங்கள் ஆசியும் அவ்வப்போது திட்டும் எங்களுக்குக் குறைவில்லாமல் கிடைக்கட்டும். டீச்சருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
எதையும் தன் கையாலேயே சரிசெய்யும் தம்பி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில், வீட்டுக்காரி டிவியை நகர்த்திப் பெருக்கினாள். "என்னங்க, படத்துக்கான மஞ்சள் வயரை உள்ளே வர்ற ஓட்டையில சொருகிட்டு, சத்தத்துக்கான சிவப்பையும் வெள்ளையையும் வெளியே போற ஓட்டையில சொருகியிருக்கீங்க? மேலயே எழுதியிருக்கே" என்று சொல்லி, விளக்குமாற்றைக் கீழே வைக்காமலே மாற்றிச் செருகினாள். மண்டபமே வீட்டுக்குள் வந்துவிட்டது. எல்லா டிஸ்க்கிலும் சத்தம் இருந்திருக்கிறது, புறா விரட்டுகிறதில்கூட இருக்கும்.

மச்சானையும் கூப்பிட்டு மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். பெண் மைக்கைப் பிடித்து, "எங்க அத்தைக்கு மட்டும் ஒரு வார்த்தை" என்று ஆரம்பிக்கிறாள். உடனே ஒரு ஆள், "அக்கா வரலையே, எங்க அக்கா வரலையே" என்று மண்டபம் அதிர அழுகிறான். எங்கள் வீட்டு ஆள்தான். அவள், "அப்பா, கொஞ்சம் அழாம இருங்கப்பா. நான் பேசறது அத்தைக்குக் கேக்க வேணாமா?" என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். அப்புறம் சொல்கிறாள்: "அத்தை, எனக்குக் கையைப் பிடிச்சு நடக்கக் கத்துக்கொடுத்தது நீங்கதான். கட்டு பிரிக்கிற அன்னிக்கு நான் அங்க இருப்பேன். இந்தத் தடவை நான் கையைப் பிடிச்சுக்கறேன்."

டீச்சரைத் தொந்தரவு பண்ண வேண்டாம், கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அவள் பேசும்போது சத்தத்தைக் கூட்டி வையுங்கள். நான் அழும்போது கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே இடத்தில்தான் வருகிறது, என்ன செய்ய.