பெயருக்குப் பின்னால் ஒரு கிரேக்கப் பட்டம்

பவானிபூர், கொல்கத்தா

சுந்தரம் அத்திம்பேருக்கு ஹரிஷங்கர் அநேக நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம், என்னைத் தவிர. அக்காவின் முழங்கால் எப்படி என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். போனில் சொன்னால் அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், அதனால் கூரியர். உங்களுக்கு வந்திருக்கும் என் பெண் வித்யாவின் இருநூறு கல்யாணப் பத்திரிகைகளில் ஒன்றைக்கூட வெளியே விடாதீர்கள். சம்பந்தி மஹாதேவன் கண்ணில் காட்டவே கூடாது.

கீழ்வீட்டு சைதன்யா-தா (தாதா, அதாவது அண்ணா) கல்லூரியில் கிரேக்கம் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். நிச்சயதார்த்தப் பந்தியில் நான் அவியல் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர், கைகூப்பி, "நீங்க ஒரு ஒப்ஸொஃபாகோஸ்! ஏதென்ஸ்ல பொறந்திருக்கணும்" என்றார் வங்காளியில். பத்திரிகையில் சம்பந்தி பெயருக்குப் பின்னால் எம்.ஏ., எம்.ஃபில்., பி.எட். என்று ரயில்பெட்டிகள், என் பி.காம். ஒற்றை எஞ்சினாக நின்றது. ஏதோ பெரிய பட்டம் என்று நினைத்து, அச்சகத்தில் சொல்லி இந்த ஒப்ஸொஃபாகோஸ் பெட்டியையும் என் பெயரில் கோத்துவிட்டேன்.

நேற்று சைதன்யா-தாவிடம் பத்திரிகையை நீட்டினால், மனுஷர் சிரித்த சிரிப்பில் பல்செட் மடியில் விழுந்தது. ஒப்ஸொன் என்றால் தொடுகறி, ஃபாகெய்ன் என்றால் தின்பதாம். ரொட்டியை ஒப்புக்குக் கிள்ளிவிட்டுத் தொடுகறியை வழித்துத் தின்கிறவனை ஏதென்ஸ்காரர்கள் அப்படித்தான் ஏசினார்களாம். போகட்டும், அவியல்தானே என்று நான் மனதைத் தேற்றிக்கொள்ளும்போது, "போகப்போக ஒப்ஸொன்னாலே மீன்தான்னு ஆயிடுத்து தாதா. அவங்களும் எங்காளுங்கதான்!" என்று ஒரு சொந்தம் வேறு.

அத்திம்பேர், பெண் பார்க்க வந்த அன்றே, "கல்கத்தால வளர்ந்த பொண்ணு, மீன் வாசனை படாமயா இருந்திருக்கும்?" என்று கேட்ட மனுஷர் மஹாதேவன். தெரியாத வார்த்தைக்கு அர்த்தம் தேடாமல் காபிகூடக் குடிக்க மாட்டார். தேடினாரோ, கல்யாணம் அம்பேல். ஆகவே எல்லாவற்றையும் பரண் மேல் ஏற்றவும். புதிது அடித்து அனுப்புகிறேன்.

அக்காவுக்கு நமஸ்காரம், பேரன் பேத்திகளுக்கு ஆசீர்வாதம், முழங்காலுக்குத் தைலம்.

இப்படிக்கு,
ஹரிஷங்கர், பி.காம். மட்டும்

பி.கு.: உறையை ஒட்டுமுன் என் சகதர்மிணி விஜயலக்ஷ்மி பிடுங்கிப் படித்தாள். "கார்டை நேத்தே சம்பந்திக்கு வாட்ஸ்அப்புல அனுப்பியாச்சே!" என்றாள். அவள் வாய் மூடுவதற்குள் மஹாதேவன் போன். தேடிவிட்டாராம்.

"ஓய், நிச்சயதார்த்தத்துல நாலு தடவை அவியல் கேட்டேள். அஞ்சாவது தடவை கேட்டது நான்! என் பேருக்குப் பின்னால ஏன் போடலை?"

"அந்த மீன்..." என்று இழுத்தேன்.

"அது ரெண்டாவது அர்த்தம். ஆத்துக்காரி எட்டிப் பாக்கறதுக்குள்ள மூடிட்டேன்."

எனவே பரண் வேண்டாம். உங்கள் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். இருநூறு கார்டிலும் அவர் பி.எட்.டுக்குப் பக்கத்தில் ஒப்ஸொஃபாகோஸ் என்று எழுதிக் கொடுத்துவிடவும்.