பின்னாடி என்ன தெரிஞ்சுது?

ஆறு மணிக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். இரண்டு காபி போட்டான், ஒன்று சர்க்கரை இல்லாமல். மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்து, "மேல பாருங்க அத்தை" என்று வலது கண்ணில் ஒரு சொட்டு, இடது கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டான். அவர் கண்ணை மூடியிருந்த ஐந்து நிமிஷத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டான்.

பிறகு காரை வெளியே எடுக்கும் வேலை.

காரின் நான்கு ஜன்னல்களிலும் பின்பக்கக் கண்ணாடியிலும் கறுப்பு ஃபிலிம். வெளியே நிற்பது ஆளா தூணா என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. அதனால் தலையை வெளியே நீட்டிக்கொண்டுதான் ரிவர்ஸ் எடுப்பான். மாமியார் வெயிலுக்கு ஒரு கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, மறுகையால் வழி காட்டுவார்.

"வாங்க... வாங்க... போதும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா, தெரியுதா அத்தை?"

"இந்த வெயில்ல எனக்கு என்ன தெரியுது மாப்பிள்ளை? சத்தம் கேட்டா நிறுத்திக்கோங்க."

எட்டு மாதமாக இப்படித்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால், சின்ன ஆபரேஷன் என்று சேர்த்திருந்த அவன் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். அவன் ஆபீஸ் லிஃப்டில் இருந்தான். அம்மா கண்ணுக்கு வெயில் ஆகவில்லை, கறுப்புக் கண்ணாடி போட வேண்டும், இன்றைக்கே. மூன்றாவது மாடியில் லைன் போய்விட்டது. அரை நாள் லீவு போட்டு, காருக்கு ஃபிலிம் ஒட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் வந்து இறங்கினான். அப்போது மணி ஐந்தரை. ஐந்து மணிக்கே அவள் உயிர் போயிருந்தது.

கல்யாணமான மூன்று வருஷத்தில் அவள் சொன்ன எதையும் அவன் ஒழுங்காகச் செய்ததில்லை. மசாலாவுக்குப் பட்டை வாங்கி வரச் சொன்னால் கைக்கடிகாரத்துக்குப் பட்டை வாங்கி வருவான். சொன்னது சொன்னபடி செய்த ஒரே காரியம் இந்த ஃபிலிம்தான். அது இருக்கும்வரை அந்தக் கணக்கில் ஒன்றாவது இருக்கும் என்று வைத்திருந்தான்.

அந்தக் காலை, நாற்சந்தியில் டிராஃபிக் போலீஸ்காரர் காரை மறித்தார். ஜன்னலைத் தட்டினார். அவன் இறக்கினான்.

"உள்ள ஆள் இருக்கா?"

"நான் இருக்கேன் சார்."

"அது இப்பதான் தெரியுது. என்ன தம்பி, காரா இருட்டறையா?"

"அத்தைக்குக் கண்ணுக்கு வெயில் ஆகாது சார்."

"ஓட்டுறது அத்தையா?"

"நான்தான். எனக்கு நல்லாத் தெரியும்."

"அப்ப நான் அங்க கை காட்டினப்ப ஏன் நிக்கல?"

அபராதச் சீட்டு கைக்கு வந்தது. ஒரு வாரத்துக்குள் ஃபிலிமைப் பிய்த்துவிட்டு வந்து காட்ட வேண்டும்.

இதில் சங்கடம் என்னவென்றால், அவனுக்கு வேலை கார் இன்ஷூரன்ஸ் கம்பெனியில். விபத்து மனுக்களுக்கு 'இயலாது' என்று பதில் எழுதும் பிரிவு. 'பார்வையை மறைக்கும் கறுப்பு ஃபிலிம் ஒட்டிய வாகனத்தால் நேரும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்காது' என்ற வாசகமே அவன் எழுதியதுதான். அதில் ஒரு கால்புள்ளியைக்கூட யாராலும் அசைக்க முடிந்ததில்லை.

பிய்க்க மனம் வரவில்லை. நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டு ஓட்டினால் எதிரே நிற்கிறவர் கண்ணில் ஃபிலிம் படாது என்று கண்டுபிடித்தான். வெயிலும் புழுதியும் நேராக மாமியார் மேல் விழுந்தன. அவர் முந்தானையால் தலையோடு மூடிக்கொண்டு பின் சீட்டில் மூட்டை மாதிரி உட்கார்ந்து வந்தார்.

"அத்தை, சௌகரியமா இருக்கா?"

"இருக்கேன் மாப்பிள்ளை" என்றது மூட்டை.

ஏழாம் நாள் அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல்களை ஏற்ற வேண்டியதாயிற்று. நாற்சந்தி வேண்டாம் என்று சந்துக்குள் திருப்பினான். சந்தின் கடைசியில் பள்ளம் தோண்டி வைத்திருந்தார்கள். ரிவர்ஸ்தான் வழி. மழையில் தலையை நீட்ட முடியாது.

"பின்னாடி ஏதாவது இருக்கா அத்தை?"

மாமியார் திரும்பி, கறுப்புக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தார். "ஒண்ணுமே தெரியல" என்றார்.

அவன் காதில் 'ஒண்ணுமே' வரைதான் விழுந்தது. போதும் என்று எடுத்தான்.

சத்தம் கேட்டது. நிறுத்திக்கொண்டான்.

அவன் சந்துக்குள் நழுவியதைப் பார்த்துவிட்டு அதே போலீஸ்காரர் பின்னாலேயே வந்து, பைக்கை நிறுத்தி இறங்கியிருந்தார். இறங்கி இரண்டடி தள்ளி நின்றதால் கால் தப்பியது. பைக் காரின் அடியில் படுத்திருந்தது.

"பின்னாடி பார்க்கலையா?" என்றார் மழைக்கோட்டுக்குள்ளிருந்து.

"பார்த்தோம் சார்."

"பின்னாடி என்ன தெரிஞ்சுது?"

"கறுப்பு."

அவன் காருக்கும் அதே கம்பெனி இன்ஷூரன்ஸ்தான் என்பதால், பைக்குக்கு நஷ்டஈடு கேட்ட மனு மூன்றாம் நாள் அவன் மேஜைக்கே வந்தது. மேனேஜரிடம் கொண்டுபோய் வைத்தான்.

"என்னய்யா, நீங்க வெட்டின குழியில நீங்களே விழுந்துட்டீங்க?" மேனேஜருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ரெண்டடி தள்ளி நிக்கலன்னா அந்த மனுஷன் கால் போயிருக்கும். பிச்சு எறிய வேண்டியதுதானே?"

"முடியாது சார். அவ சொன்னது."

மேனேஜர் சிரிப்பை நிறுத்தினார்.

"மருத்துவக் காரணம்னு ஒரு விதிவிலக்கு இருக்கு. டாக்டர் சொல்லி உங்க அத்தைக்காகத்தான் ஒட்டினதுன்னு அவங்க ஒரு வாக்குமூலம் கொடுக்கட்டும். ஃபிலிமும் தப்பும், நீங்களும் தப்பிப்பீங்க. சாயங்காலம் நானே வரேன்."

வந்தார். காபி குடித்தார். காகிதத்தை விரித்து, பேனாவைத் திறந்தார்.

"அம்மா, கார்ல ஒட்டியிருக்கே கறுப்பு ஃபிலிம், அது உங்க கண்ணுக்காகத்தானே?"

மாமியார் மருமகனைப் பார்த்தார். "அப்படின்னே எழுதிக்கோங்க" என்றார்.

"எழுதிக்கோங்கன்னா? டாக்டர் சொன்னாரா, இல்லையா?"

"டாக்டர் கறுப்புக் கண்ணாடின்னுதான் சொன்னார்."

"ஒட்டினதுக்கு அப்புறம் வெளிய போறப்ப கண்ணு கூசுறது குறைஞ்சுதா?"

"கார்லயே உட்கார்ந்திருந்தா கூசல. இறங்கினா கூசுது."

மேனேஜரின் பேனா நின்றது.

"அதெல்லாம் எதுக்கு சார்?" என்று அவன் குறுக்கிட்டான். அவன் குரல் உயர்ந்து மேனேஜர் கேட்டதில்லை. "என் மனைவி பக்கத்துல அத்தைதான் இருந்தாங்க. அவங்களையே கேளுங்க. அவ கடைசியாச் சொன்னது இதைத்தான். அதனாலதான் பிய்க்கல."

மாமியார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கடைசியாச் சொன்னது அது இல்ல மாப்பிள்ளை."

"பின்ன?"

"எட்டு மாசமா எனக்கு வாய் வரல. அன்னிக்குக் காரோட வந்து நின்னீங்களே, அப்ப எப்படிச் சொல்றது?" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெயில் இல்லாத நேரம் அது. "அவ போனை வெச்சுட்டு என்னைப் பார்த்து ஒரே சிரிப்பு. 'உன் மூக்குல மாட்டுறதுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிட்டு வரச் சொன்னேம்மா. பாதிதான் கேட்டிருக்கும். காருக்கு மாட்டிட்டு வந்து நிப்பாரு, பாரேன்'னா."