பல் வைத்தியர் தேரை இளைக்கவைத்த படலம்

வாழி! பகலெல்லாம் பிறர் வாயைத் திறக்கவைத்துப் பற்குழி அகழ்ந்தவரும், மாலையெல்லாம் தம் வாயைத் திறந்து வண்டிப்பெருமை பொழிந்தவரும், கூரிய துளைக்கருவியும் கூர்மழுங்கிய யோசனையும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவரும், இரும்பென்று ஒன்றைக் கண்டால் அதில் ஓட்டையிடாது உறங்காதவரும், எடையென்னும் அரக்கனை இப்பூமியினின்று விரட்டவே அவதரித்தவருமாகிய எங்கள் பல் வைத்தியர் வாழி! அவர் சட்டையை நிரந்தரமாகக் குடிகொண்ட கிரீஸ் என்னும் கருந்தேவியே, எம் நாவிலும் சற்றே வந்து வழுக்குவாயாக; இக்கதை நிற்காமல் ஓடவேண்டும்.

இரண்டே இருக்கையும் நீண்ட மூக்கும் கூரையற்ற உடலும் கொண்ட பழம்பெரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, ஒரு மெக்கானிக்கின் கொல்லைப்புறத்தில் கோழிகளுக்கு மாளிகையாய் விளங்கியது. அதைக் கண்ட கணமே காதலுற்ற வைத்தியர், கோழிகளை வெளியேற்றி, லாரியிலேற்றி, வெற்றிகொண்ட மன்னன் யானையைக் கொணர்வதுபோல் தம் இல்லம் கொணர்ந்தார். அதுகாறும் வீட்டுக் கொட்டகையில் நிழல்துய்த்த அவர் மனைவியின் சின்னக் கார், வெயிலும் மழையும் காக்கையின் கருணையும் ஏற்கத் தெருவுக்கு அனுப்பப்பட்டது. துணி துவைக்கும் இயந்திரம் கொல்லைப்பக்கம் நாடுகடந்தது. மனைவியோ பள்ளியில் கணக்கு கற்பிப்பவர்; விடை சரியா என்று பார்க்காமல் எதையும் நம்பாதவர். அவரையும் நம்பவைத்தது அன்று வைத்தியர் எண்ணெய்க்கையை மார்பில் வைத்து முழங்கிய சபதம்.

"இது முடியற அன்னிக்கு முதல் சவாரி உனக்குத்தான். கடற்கரை ரோட்டுல காத்து பிச்சுக்கிட்டுப் போகப்போறோம், பாரு."

அந்த ஒரு சொல்லுக்காக அம்மாதரசி காரின் அடியில் கிடந்த கணவருக்கு டார்ச் பிடித்தார். போல்ட்டுகளை அளவுவாரியாகப் பிரித்து டப்பாக்களில் இட்டார். காற்றில் கூந்தல் கலையாதிருக்க நீலநிற ஸ்கார்ஃப் ஒன்றும் வாங்கி அலமாரியில் மடித்துவைத்தார்.

மூண்டது போர். பழைய எஞ்சின் வீழ்ந்தது. வேறொரு காரின் இளைய எஞ்சின் அரியணை ஏறியது. எஞ்சின்மேலிருந்த இரும்பு மூடி போய் ஃபைபர் மூடி வந்தது; கண்ணாடி போய் பிளாஸ்டிக் வந்தது; முன்புறக் காவலனாய் நின்ற இரும்பு பம்பர் பிடுங்கப்பட்டுச் சுவரில் தொங்கியது. ரேடியோவும் கம்பளமும் கதவின் கைப்பிடியும் களத்தில் மாண்டன. கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு கயிற்றுத்துண்டு ஆடியது. எஞ்சியவற்றின்மேல் துளைக்கருவி பாய்ந்தது. ஆயிரம் கடைவாய்ப்பற்களில் பழகிய அக்கரம் பெடலைத் துளைத்தது, பெடலைத் தாங்கிய தகட்டைத் துளைத்தது, தகட்டைத் தாங்கியது எதுவென்று பாராமல் அதையும் துளைத்தது. தம் சட்டைப்பித்தான்கள் நித்தம் அஞ்சிநடுங்கும் திருவயிற்றின்மேல் மட்டும் அவர் எப்படையையும் ஏவினாரில்லை.

நாணேறிய அம்பினும் நுண்ணிய எதிரிகளை நிறுக்க அவருக்குத் தராசு வேண்டியிருந்தது. அடுக்களையில் அது இருந்தது.

"என்னங்க, மாவு நிறுக்கற தராசுல என்ன இது, கருப்பா?"

"போல்ட்டும்மா. தலையைக் குடைஞ்சு விட்டேன். ரெண்டு கிராம் குறைஞ்சிருக்கு, தெரியுமா?"

மனைவி தராசைக் கழுவினார். மறுநாளும் கழுவினார்.

இவ்வேளையில் களம்புகுந்தான் மைத்துனன், ஃபிரிட்ஜ் விற்கும் கடையின் மேலாளன். கனமான பொருளைக் கனமென்று சொல்லி விற்றே பிழைப்பவன். காரைச் சுற்றிவந்தான், குனிந்தான், ஒரு துளைவழியே அத்தானின் முகத்தைக் கண்டான்.

"அத்தான், இது காரா, சல்லடையா?"

"ஒவ்வொரு கிராமும் எதிரிடா! உனக்கெங்கே புரியப்போகுது!" என்று சிங்கம் கர்ச்சித்தது. கர்ச்சித்த வேகத்தில் அன்றே ஹேண்ட் பிரேக்கையும், அதன் கம்பியோடும் தண்டோடும், வேரறுத்து எறிந்தது. காலுக்கு ஒரு பிரேக் இருக்கக் கைக்கு எதற்கு இன்னொன்று என்பது அம்மாமேதையின் வாதம்.

பின் அவர் பார்வை பக்கத்து இருக்கையின்மேல் விழுந்தது.

இங்கே, கேட்பீர், அந்நெஞ்சும் சற்றுத் தயங்கியதுண்டு. அலமாரியிலிருந்த நீலத்துணி அவர் நினைவில் அசைந்தது. ஆயினும் இருக்கையைக் கழற்றி இரு கைகளாலும் தூக்கிப்பார்த்தார். அப்பாரம் கைகளுக்குத் தெரிந்தபின் அதைத் திரும்ப வைக்க அவரால் ஆகவில்லை. 'அவ புரிஞ்சுக்குவா' என்று தமக்குத்தாமே தீர்ப்பு வழங்கினார். புரிந்துகொள்வாள் என்று உண்மையிலேயே நம்பியவர் அதை அவளிடம் சொல்லியிருப்பார். இவரோ ஏணிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்து, மேலே ஒரு பழைய போர்வையும் போர்த்தினார்.

புலர்ந்தது அந்த ஞாயிறு. எஞ்சின் உறுமிற்று, வீடுதோறும் ஜன்னல்கள் அதிர்ந்தன, நாயை நடத்திக்கொண்டு வந்த ஓய்வுபெற்ற தபால்காரரை அந்நாய் பின்னோக்கி இழுத்தது. படமெடுக்கப் போனை உயர்த்தியபடி மைத்துனன் நின்றான். முழக்கத்தோடும் புகையோடும் கொட்டகை நீங்கிய தேர், வாசற்சரிவின் உச்சியில் வந்து நின்றது. சரிவுக்குக் கீழே தெரு. தெருவும் ஒரே இறக்கம். பிரேக்கை மிதித்தபடி, வையம் வணங்கக் காத்திருக்கும் பாவனையில் வைத்தியர் வீற்றிருந்தார்.

ஸ்கார்ஃப் கட்டி, கையில் தண்ணீர் பாட்டிலோடு மனைவி வந்தார். கதவுக்கயிற்றை இழுத்தார். உள்ளே பார்த்தார். வெறுந்தகரத்தில் நான்கு போல்ட்டுத் துளைகள் இருந்தன.

"நான் எங்க உக்காருவேன்?"

"சீட்டு அவ்வளவு கனம்மா. அதை எடுத்ததுக்கப்புறம் வண்டி எப்படிப் பறக்கும் தெரியுமா?"

"பறக்கட்டும். நான் எங்க உக்காருவேன்னு கேட்டேன்."

குரல் உயரவில்லை. விடை தப்பென்று தெரிந்தும் மாணவன் வாயால் வரட்டுமென்று காத்திருக்கும் குரல் அது. பற்களைப் பிடுங்குகையில் எத்தனையோ முகங்களைப் பார்த்திருந்த வைத்தியருக்கு, வலியை இவ்வளவு அமைதியாகக் காட்டும் முகம் புதிது. "இரு, இரு, சொல்றேன்" என்று எழுந்து, வயிற்றை ஸ்டீயரிங்கினின்று விடுவித்து, ஒரு காலை வெளியே வைத்தார். மறுகாலையும் வெளியே வைத்தார்.

மறுகாலே பிரேக்கை மிதித்திருந்த கால்.

"அத்தான், வண்டி!"

பாகனில்லாத் தேர் புறப்பட்டது! அம்மவோ, என் சொல்வேன்! தளையறுத்த வெண்புரவிபோல், தலைவனின் தொல்லை ஒழிந்த படைபோல், அடக்கமாய், அழகாய், கதவுக்கயிறு கொடியென அசைய, அது தெருவிறங்கிற்று. எத்தனை காலம் துளைத்தும் நிறுத்தும் தேடிய இலேசான ஓட்டத்தை, உரியவர் உள்ளே இல்லாத நேரம் பார்த்து அது நிகழ்த்திக்காட்டியது. பின்னால் ஓடினார் வைத்தியர். ஒரு செருப்பு வீழ்ந்தது. திருவயிறு முன்னே பாய, மூச்சு பின்தங்கியது. தெருக்கோடியில், பகைவர்தம் கோட்டையென, பச்சைநிறப் பிளாஸ்டிக் குப்பைத்தொட்டி ஒன்று நின்றிருந்தது. தேர் மோதிற்று. ஃபைபர் மூக்கு முட்டையோடுபோல் பிளந்தது. எஞ்சின் ஒருமுறை இருமி மாண்டது. தொட்டிக்கு ஒரு கீறலுமில்லை. இவ்வடியைத் தாங்கவென்றே வார்க்கப்பட்ட இரும்பு பம்பரோ கொட்டகைச் சுவரில் காயமின்றிப் பளபளத்தது.

எடை குறைக்க வைத்த சுண்டைக்காய் பேட்டரியால் எஞ்சினை உயிர்ப்பிக்க முடியவில்லை. தள்ளுவதன்றி வேறு வழியில்லை. ஸ்டீயரிங் பிடிக்க ஒருவர் வேண்டும். நின்றால் பிரேக் மிதிக்கவும் வேண்டும். யாரும் யாரையும் கேட்கும்முன், மனைவி அந்த ஒற்றை இருக்கையில் ஏறி அமர்ந்து ஸ்கார்ஃபின் முடிச்சை இறுக்கினார்.

மைத்துனன் வலம், தபால்காரர் இடம், நடுவே வைத்தியர். தள்ளினர்.

"லேசான வண்டின்னு சொன்னீங்களே, டாக்டர்?" என்றார் தபால்காரர், மூச்சிரைக்க. நாய் உதவவில்லை.

முன்னிருந்து ஆணைகள் பிறந்தன: "இன்னும் கொஞ்சம். நிறுத்துங்க. மூச்சு வாங்கிக்கோங்க. சரி, இப்ப தள்ளுங்க." வியர்வை கண்ணில் இறங்க, வைத்தியர் பார்த்ததெல்லாம் காற்றில் படபடத்த நீலத்துணியின் நுனியை மட்டுமே. தாம் கழற்றி ஒளித்தது வெறும் இருக்கை அல்லவென்று, அந்த ஏற்றத்தின் பாதியில் அவருக்கு உறைத்தது. உறைக்க அவ்வளவு பாரம் தேவைப்பட்டது அப்பெருந்தகைக்கு.

தேர் கொட்டகை சேர்ந்தது. மைத்துனன் சக்கரத்துக்குச் செங்கல் வைத்தான். மனைவி மட்டும் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கே அந்த சீட்டைத் திரும்ப மாட்டிடறேன்" என்றார் வைத்தியர், தரையைப் பார்த்து.

"உங்களுக்கு வேணும்னா மாட்டிக்கோங்க. எனக்கு இதுவே நல்லாயிருக்கு."

இவ்வாறாக, இரும்பை இளைக்கவைத்து, இல்லாளைக் கனக்கவைத்து, குப்பைத்தொட்டியோடு பொருது புறங்கொடுத்து, தம் கையால் சமைத்த தேரில் ஓட்டும் உரிமையையும் இழந்து, உடன்செல்லும் இருக்கையை ஏணிக்குப் பின்னாலிருந்து தாமே சுமந்துவந்த துளைவேந்தரும், கிரீஸ்மார்பரும், எடைக்காலருமாகிய அவ்வண்ணல் இத்தரணி உள்ளளவும் புகழோங்கி நிற்க!

திங்கட்கிழமை காலை அவர் பஸ் பிடித்து கிளினிக்குக்குப் போனார்.