எரிபெர்த்தோ படகுக்குக் காமாலை

“நாளைக்கு மாதா ஏறப்போற படகு இது! இதுல என்ன கறை?” என்று கத்தினார் எரிபெர்த்தோ.

படகின் முன்பக்கத்தில், துறைக்கட்டையில் உரசிய இடத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு மஞ்சள். மற்றபடி அந்த ஃபைபர் படகு வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. போன வருடம் தோலூ ஊர்க்காரர் ஒருவரிடம் பழைய படகாக வாங்கியது.

கார்மேன் மாதாவின் கடல்பவனியில் சுரூபத்தை ஏற்றிச் செல்லும் பாக்கியம் இம்முறை சீட்டுக் குலுக்கலில் அவருக்கு விழுந்திருந்தது. அதற்கு முன் பதினொரு வருடம், அடுத்தவர் படகுக்குப் பின்னால் வெடிப்புகையைக் குடித்துக்கொண்டே போனவர் அவர். வெள்ளைப் படகில்தான் மாதா ஏறுவாள் என்பது ஊர் வழக்கம்.

“ஒரு மாலையைத் தொங்கவிட்டா மறைஞ்சிடும், விடு,” என்றாள் மனைவி நூபியா.

“மாதாவுக்குத் தெரியாதா?”

“மாதாவுக்கு உன்னையும்தான் நல்லாத் தெரியும். தெரிஞ்சேதானே சீட்டைக் குடுத்திருக்கா!”

எரிபெர்த்தோ கேட்கவில்லை. எலுமிச்சம்பழத்தை வெட்டி உப்பில் தொட்டுத் தேய்த்தார். உள்ளங்கை அளவு மஞ்சள் சாப்பாட்டுத் தட்டு அளவானது.

போன வருடம் மாதாவை ஏற்றிச் சென்ற வில்ஃப்ரீதோ பக்கத்துப் படகிலிருந்து எட்டிப் பார்த்தான். “பாத்திரம் தேய்க்கிற பவுடர் போட்டு அழுத்தித் தேய் மச்சான்.”

தேய்த்தார். துணியில் வெள்ளை வெள்ளையாகத் தூள் வந்தது. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்தினார். மதியச் சாப்பாட்டுக்கு நிமிர்ந்தபோது முன்பாதிப் படகு மஞ்சளாகியிருந்தது.

“மச்சான், இது காமாலை! ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ!” என்று வில்ஃப்ரீதோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பாதி வெள்ளை, பாதி மஞ்சளோடு மாதா முன்னால் எப்படி நிற்பது? கடையிலிருந்து மெருகுப் பசை ஒரு டப்பா வாங்கிவந்து படகு முழுவதும் தேய்த்தார். படகு பளபளத்தது. முட்டையின் மஞ்சள் கருவைப் போலப் பளபளத்தது.

எரிபெர்த்தோ மணலில் உட்கார்ந்துவிட்டார். “நாப்பது வருஷம் வலை இழுத்த கை இது. வலையோட நிறுத்தியிருக்கணும். மூளை வேணுங்கிற வேலையை இதுகிட்ட குடுத்தது என் தப்பு.”

“மூளைகிட்ட குடுத்திருந்தா மட்டும்?” என்றாள் நூபியா.

அவரே சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில் அடுத்த யோசனையும் வந்தது. கோயிலில் சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயின்ட்! சாயங்காலத்துக்குள் இரண்டு கை அடித்து முடித்தார். தூரத்திலிருந்து பார்த்தால் படகு அன்னம் மாதிரி இருந்தது. கிட்டே போய்த் தொட்டால்தான் விரலில் ஒட்டியது.

காலையில் வாத்தியம் முழங்க மாதா ஏறினாள். பின்னாலேயே ஏறிய ஃபாதர் அன்செல்மோ தடுமாறி ஓரத்தைப் பிடித்துச் சாய்ந்தார். நிமிர்ந்தபோது இரண்டு கையும் வெள்ளை, கறுப்பு அங்கியின் முதுகும் வெள்ளை.

நடுக்கடலில் அலைகள் படகை நக்கத் தொடங்கின. பின்னால் நீளமாக வெள்ளைத் தண்ணீர் ஓடியது.

“படகு ஓட்டுறியா, பால் கறக்குறியா?” என்று வில்ஃப்ரீதோவின் குரல் கேட்டது.

ஊர் முழுவதும் காத்திருந்த கரைக்கு, உரித்தும் உரிக்காத முட்டையைப் போல வந்து சேர்ந்தது மாதாவின் படகு. வாத்தியக்காரர்கள்கூட ஊதுவதை நிறுத்திவிட்டார்கள். எரிபெர்த்தோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார்.

“ஃபாதர், என் கர்வத்துக்கு இது வேணும். உள்ளங்கை அளவு கறைக்காக ஒரு படகையே நாசம் பண்ணிட்டேன். மாதா முகத்தை இனி எப்படிப் பார்ப்பேன்?”

“பாவசங்கீர்த்தனம் அப்புறம் பாத்துக்கலாம்பா,” என்றார் ஃபாதர், தன் உள்ளங்கைகளைப் பார்த்தபடி. “முதல்ல சோப்பு இருந்தா குடு.”

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்தாள். யானெத். படகை விற்ற தோலூக்காரரின் தங்கை, திருவிழாவுக்கு வந்திருந்தவள். மஞ்சள் தெரிந்த இடத்தைத் தொட்டுத் தடவினாள், கண் கலங்கிவிட்டது. பிறகு கையில் ஒட்டிய பெயின்ட்டைப் பார்த்து முகம் சுளித்தாள்.

“அண்ணே, இருபது வருஷ வெயில்ல வெளுத்துப்போன எங்க மஞ்சப் படகுக்குப் பொறந்தப்ப இருந்த நிறத்தை அப்படியே கொண்டுவந்துட்டீங்க, அதுமேல இந்த வெள்ளையைப் பூசின முட்டாள் யாரு?”