'தும்' ஆக்கியவனும் கை தூக்கியவனும்

கலை என்பது கண்ணால் பார்க்க வேண்டிய பொருள்; இசையும் இதற்கு விலக்கல்ல. இந்த மகத்தான உண்மையை உலகில் முதன்முதலாகக் கண்டுபிடித்து, உடனே நடைமுறைக்கும் கொண்டுவந்த ஊர் புதுச்சேரி. மற்ற ஊர்க்காரர்கள் இன்னும் பழைய பழக்கத்தில் இசையைக் காதால் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாவம், எடுத்துச் சொல்ல ஆளில்லை.

இந்த உண்மை தெரியாமல் இருபத்து நான்கு வயது வரை வளர்ந்துவிட்டதுதான் நெல்சன் செய்த குற்றம்.

நெல்சன் படிப்பைப் பாதியில் விட்டவன். தேங்காய்த்திட்டில் அம்மா அந்தோணிமேரியின் வீட்டு மாடியறையில், ஜன்னலுக்குப் போர்வையும் காதுக்கு ஹெட்போனும் மாட்டிக்கொண்டு, லேப்டாப்பில் நடனப் பாட்டுகள் செய்கிறவன். ஒரு பறையடி, ஒரு கைதட்டல், ஒரு உறுமல் என்று ஒவ்வொரு சத்தத்தையும் தானே உண்டாக்கி, அடுக்கி, பிடிக்காமல் கலைத்து, மறுபடி அடுக்குவான். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து மார்க்கெட்டில் விற்கிற அந்தோணிமேரிக்கு இதில் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: சத்தமே இல்லாத அறையில் மகன் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறான். முதல் வருடம் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். இரண்டாம் வருடம் மகனுக்கு வேலை கேட்டுத் தன் தம்பியிடம் பேசிவிட்டாள். தம்பிக்குக் கோரிமேட்டில், பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே, நோயாளிகளுக்கும் உடன் வந்தவர்களுக்கும் பக்கெட், பாய், பிளாஸ்டிக் நாற்காலி விற்கிற கடை.

"ஞாயித்துக்கிழமை கடற்கரை விழால உன் பாட்டு போடறாங்கன்றியே, அதுல மைக்ல உன் பேரச் சொல்லட்டும். நீ மாடியிலியே கெட, நான் சோறு போடறேன். சொல்லலியா, திங்கக்கிழமை காலைல மாமன் கடை. பேச்சுன்னா பேச்சு" என்றாள்.

மைக்கில் பெயர் வராதவன் இந்த ஊரில் பிறந்ததற்கே சாட்சி கிடையாது. காதுகுத்துக்கு மொய் வைத்தவர் பெயரைக்கூட மைக்கில் சொல்லும் ஊர் இது. ஆகவே நிபந்தனை நியாயமானது.

சிக்கல் என்னவென்றால், நெல்சன் செய்த 'எந்திரி' என்கிற பாட்டை ஊர் முழுக்க 'ஜெரின் பாட்டு' என்றுதான் அழைத்தது. ஜெரின் அதே தெருக்காரன், டி.ஜே. ஓட்டல் மாடிகளிலும் கல்யாணங்களிலும் பாட்டுப் போடுகிறவன். நெல்சன்தான் ஒரு பென் டிரைவில் பாட்டைக் கொடுத்து, "போட்டுப் பாரு மச்சான்" என்றான். ஜெரின் போட்டான். ஒரு கையால் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, இன்னொரு கையை வானத்தை நோக்கித் தூக்கினான். அந்தக் கை மேலே போன கணத்தில் பாட்டு அவனுடையதாகிவிட்டது. சொத்து கைமாறுவதற்கு இதைவிட வெளிப்படையான முறை பத்திரப் பதிவில்கூட இல்லை.

நெல்சன் விழாவை நடத்தும் 'புதுவை மின்னிசை மேம்பாட்டுக் குழு'விடம் முறையிட்டான். குழு சனிக்கிழமை காலை ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடியது. தலைவர் புருஷோத்தமன், தண்ணீர் மோட்டார்களை மேற்பார்வை செய்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் வேறு சத்தம் கேட்டதில்லை என்பதால் நடுநிலையாளர். உறுப்பினர் அமலநாதன், பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர். ஊரே அவரைப் பிரெஞ்சு மரியாதையில் 'முசே' என்று அழைப்பதால் கலை விஷயங்களில் அவர் சொன்னதே முடிவு.

"தம்பி, நீங்க இன்னா பண்றீங்க?" என்றார் தலைவர்.

"மியூசிக் ப்ரொட்யூசர் சார்."

தலைவர் எழுந்து நின்றுவிட்டார். "ப்ரொட்யூசருங்களா! மொதல்லியே சொல்லக் கூடாதா? முசே, அந்த நல்ல சேர எடுத்துப் போடுங்க. விழாச் செலவ நீங்களே..."

"பணம் போடற ப்ரொட்யூசர் இல்ல சார். பாட்டு உண்டாக்கறவன்."

தலைவர் உட்கார்ந்தார். நல்ல நாற்காலி திரும்பப் போனது.

"எந்த வாத்தியம் வாசிக்கிற?"

"லேப்டாப்."

"ஜெரின், நீ?"

கூடத்துக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த ஜெரின், "நானும் லேப்டாப்தான் அங்கிள்" என்றான்.

"வாத்தியம் ஒண்ணுதானேப்பா. அப்பறம் இன்னா தகராறு?"

நெல்சன் பொறுமையாகச் சொன்னான். "சார், நான் ஆக்கறவன். அவன் பரிமாறறவன். ஆக்காம பரிமாற முடியாது."

"பரிமாறாம வெச்சிருந்தா ஊசிப்போயிடும் மச்சான்" என்றான் ஜெரின். "ரெண்டு வருசமா ரூம்ல வெச்சிருந்தியே, யார் தின்னா? எந்தப் பாட்டுக்கு அப்பறம் எதப் போடணும், கூட்டம் எப்ப சோந்து போவுது, எப்ப ஏத்தணும், ஒரு பாட்டோட வால்ல இன்னொரு பாட்டோட தலைய தெரியாம எப்பிடி ஒட்டணும்? ஒரு நாள் வந்து நின்னு பாரு. மூஞ்சிங்களப் பாத்தே உனக்குப் பேதியாவும்."

இதில் உண்மை இருந்தது. அதனால் நெல்சனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"கல்யாணத்துல பரிமாறறவரத்தான் நாம பாக்கறோம்" என்றார் முசே, யோசனையோடு. "சமையக்காரரப் பாத்ததா எனக்கு ஞாபகமில்ல."

வாதங்கள் சம பலத்தில் இருப்பதாகக் கருதிய குழு, 'நேரடிச் செயல்விளக்கத்துக்கு' உத்தரவிட்டது. இருவரும் குழுவின் கண் முன்னால் இசை உண்டாக்க வேண்டும்.

ஜெரின் ஒரு பொத்தானை அழுத்தினான். கையைத் தூக்கினான். தலைவரின் கால் தானாக ஆடியது. முசே எழுந்து இடுப்பில் கை வைத்து ஆடத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து மண்டபத்தில் மின்சாரம் போய் ஸ்பீக்கர் அடங்கியது. ஜெரினின் கை இறங்கவில்லை. முசேயும் கொஞ்ச நேரம் நிறுத்தாமல் ஆடினார். இசை ஸ்பீக்கரில் இல்லை, கையில்தான் இருக்கிறது என்பது இவ்வாறு அறிவியல் முறைப்படி நிரூபணமானது.

மின்சாரம் வந்ததும் நெல்சன் லேப்டாப்பைத் திறந்தான். 'தும்' என்றது. நெற்றியைச் சுருக்கினான். எதையோ நகர்த்தினான். 'தும்.' தலையை ஆட்டி மறுத்தான். 'தும்.' டீ வந்தது, குடித்தார்கள், டம்ளர்கள் போயின. 'தும்.'

"தம்பி," என்றார் முசே, "மொதத் தும்முக்கும் இந்தத் தும்முக்கும் இன்னா வித்தியாசம்?"

"மொதல்ல போட்டது நெஞ்சுல அடிச்சது சார். இது அடிவயித்துல எறங்குது."

முசே தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "எனக்கு வாயு இருக்கு. அதனால சொல்ல முடியல."

'மனுதாரர் ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப எழுப்பி, தாமே கேட்டு, தாமே வருந்தினார். இசை எதுவும் நிகழவில்லை' என்று தலைவர் உரக்கச் சொல்லி முடிவைப் பதிவு செய்தார்.

நெல்சனுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு கடைசி ஆதாரத்தை எடுத்தான். "சார், பாட்டு நடுவுல எல்லாம் நின்னுபோயி ஒரு பொம்பள குரல் கத்துது இல்ல? அது எங்கம்மா. என் வீட்டுல நான் ரெக்கார்டு பண்ணது. ஜெரினுக்கு அது எங்கேருந்து கெடைக்கும்? அம்மாவக் கூப்பிட்டுக் கேளுங்க."

கூப்பிட்டார்கள். அந்தோணிமேரி மார்க்கெட்டிலிருந்து மீன் கூடையோடு வந்தாள். மகன் செய்த பாட்டை அவள் அதுவரை கேட்டதே இல்லை. எல்லாம் ஹெட்போனுக்குள்ளேயே நடந்து முடிந்திருந்தது. தலைவர் போடச் சொன்னார். தாளம் ஏறி, உறுமி, சட்டென்று நின்றது. பிறகு கூடமே அதிர அவள் குரல்:

"எந்திரிடா! வெயிலு சூத்துல அடிக்குது, எந்திரிடா!"

அந்தோணிமேரி கூடையைக் கீழே வைத்தாள்.

"இது என் கொரலு. எப்படா புடிச்ச?"

"நீ காலைல எழுப்பறப்ப. ஃபோன தலகாணிக்கு அடியில வெச்சி."

"முழிச்சிக்கினா இருந்த?"

"மொத நாள் சரியா விழல. அதான் அந்த வாரம் பூரா..."

"வேணும்னே படுத்துக் கெடந்தியா! அடப்பாவி, அந்த வாரம் கத்திக் கத்தித் தொண்ட கட்டிக்கினு ஏலத்துல வெல கேக்க முடியாம மத்தி மீன விட்டேனே!"

குழு மகிழ்ச்சியில் நிமிர்ந்தது. இவ்வளவு நேரமும் கிடைக்காத ஒன்று கிடைத்துவிட்டது. தலைவர் தீர்ப்பளித்தார்: பாட்டில் மனிதக் குரல் ஒன்றே ஒன்று, குரல் கொடுத்தவரே பாடகர் என்பது உலக வழக்கு, ஆகவே இப்பாட்டு இரு இளைஞர்களில் எவருடையதும் அல்ல, பாடகி அந்தோணிமேரி நாளை மேடையில் கௌரவிக்கப்படுவார். கூடுதல் கருணையாக, அவர் விரும்பினால் மகன் பெயரையும் மைக்கில் சொல்லிக்கொள்ளலாம்.

"சொல்றியாம்மா?" என்றான் நெல்சன், வீட்டுக்கு வரும் வழியில்.

"சொல்லாம? நான் பெத்த புள்ள பேர நான் சொல்ல மாட்டனா?"

ஞாயிற்றுக்கிழமை மாலை கடற்கரையில் கூட்டம் நெரிந்தது. அந்தோணிமேரி பட்டுப் புடவையில், சால்வை போர்த்தி, மேடையில் ஜெரின் பக்கத்தில் நின்றாள். நெல்சன் கீழே ஸ்பீக்கர் ஓரமாக நின்றான். ஏதோ ஒயரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி யாரோ கையில் கொடுத்திருந்தார்கள்.

பாட்டு ஏறியது. நின்றது. "எந்திரிடா!" என்று அவள் குரல் கடலைப் பார்த்துக் கத்தியது. மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும், பெங்களூரிலிருந்து வந்த பிள்ளைகள் உட்பட, ஒரே துள்ளலில் எழுந்தார்கள்.

அந்தோணிமேரி கூட்டத்தைப் பார்த்தாள். இத்தனை வருடமும் தொண்டை கிழியக் கத்தி ஒரே ஒருவனை எழுப்ப முடியாதவள் அவள். இப்போது ஊரே எழுந்து நிற்கிறது. அவள் கை தன்னையறியாமல் மேலே போனது. கூட்டம் அலறியது.

ஜெரின் மைக்கை அவள் வாயருகே நீட்டினான். அவன் கெட்டவன் இல்லை, உதவத்தான் கேட்டான். "அம்மா! இந்தப் பாட்ட பண்ணது யாரு? சொல்லுங்க!"

நெல்சன் ஒயரை இறுகப் பிடித்தான். அவள் அவனைத் தேடிப் பார்த்தாள். கண்டாள். சிரித்தாள்.

"யாரு பண்ணா இன்னா?" என்று மைக் கிழியக் கத்தினாள். "பண்ணவனையே பண்ணது நான்தான்!"

அதற்குப் பிறகு ஆண்டவனே இறங்கி வந்து ஒரு பெயரைச் சொல்லியிருந்தாலும் யார் காதிலும் விழுந்திருக்காது.

திங்கட்கிழமை காலை அவள் மாடியேறி வந்தபோது நெல்சன் முழித்துத்தான் உட்கார்ந்திருந்தான்.

"பேரு வரலல்ல? கெளம்பு. மாமன் காத்துக்கினு இருக்கான்."

"மைக்கு உன் வாய்கிட்டதானம்மா இருந்தது!"

"ஆமா. அந்தச் சத்தத்துல மறந்துட்டேன். அதுக்குன்னு பேச்ச மாத்த முடியுமா?"

முடியாது. பேச்சுத் தவறாத குடும்பம். நெல்சன் கோரிமேட்டுக்கு பஸ் ஏறினான்.

இன்று புதுச்சேரியில் மின்னிசை செழித்து நிற்கிறது. கைகளுக்குக் குறைவே இல்லை. ஜெரின் கோவா வரை போய்வருகிறான். அந்தோணிமேரி குழுவின் கௌரவ உறுப்பினர். ஒரே ஒரு சின்னக் குறை: அடுத்த விழாவுக்கும் 'எந்திரி'யைத் தவிர வேறு பாட்டு இல்லை. எனவே, 'நம் மண்ணிலிருந்து ஏன் புதிய பாட்டு வருவதில்லை' என்று ஆராயக் குழு அவசரப் பொதுக்கூட்டம் கூட்டியது. உறுப்பினர் எண்ணிக்கை பெருகிவிட்டதால் நாற்காலி போதவில்லை. கோரிமேட்டுக் கடைக்கு ஃபோன் போட்டார்கள். நெல்சன் வண்டியில் ஏற்றி வந்து, ஒவ்வொன்றாக இறக்கி, வரிசையாகப் போட்டான்.

"உழைக்கிற பசங்க இல்ல முசே, அதான் காரணம்" என்று தலைவர் தொடங்கியிருந்தார். பிறகு நிறுத்தி, வாசல் பக்கம் திரும்பினார்.

"தம்பி, வேல முடிஞ்சா கதவச் சாத்திட்டுப் போப்பா. முக்கியமான விஷயம் பேசிக்கினு இருக்கோம்."